டீசல் லேண்ட் ரோவரில் கியர்பாக்ஸ் ஏன் உடைகிறது? வேறு பாக்ஸ் மாட்டினால் பிரச்னை தீருமா?

எஞ்சின் ஓடுகிறது. கிளட்ச்சை மிதித்தால் கியர் சரியாக விழுகிறது. காலை எடுத்தால் வண்டி ஒரு அங்குலம்கூட நகரவில்லை. முதல் கியர், ரிவர்ஸ், எதைப் போட்டாலும் இதே கதைதான்.

பழைய டீசல் லேண்ட் ரோவர் டிஃபெண்டர் வைத்திருப்பவர்களில் பலர் இந்த அனுபவத்தைச் சந்தித்திருப்பார்கள். "பாக்ஸ் போயிடுச்சு சார், வேற பாக்ஸ் மாட்டிடலாம்" என்பதுதான் ஷெட்டில் கிடைக்கும் முதல் பதில். பெரிய தொகை செலவாகும். பாக்ஸை மாற்றியதும் வண்டியும் ஓடும். ஆனால் சில வண்டிகளில் கொஞ்ச காலம் கழித்து அதே இடத்தில், அதே மாதிரி மறுபடியும் நின்றுவிடும்.

உடைந்தது உண்மையிலேயே கியர்பாக்ஸ்தானா? வலுவான பாக்ஸ் மாட்டினால் தீர்ந்துவிடுமா? மாட்டும்போது வேறு என்னவெல்லாம் மாற வேண்டும்? டிஃபெண்டரின் கதையை வைத்தே பார்க்கலாம்.

எஞ்சின் வளர்ந்தது, பாக்ஸ் பின்னாலேயே ஓடியது

1983-ல் லேண்ட் ரோவர் 110 வந்தபோது அதில் இருந்த 2.25 லிட்டர் டீசல் எஞ்சினின் சக்தி 60 குதிரைத்திறன்தான். அதன் டார்க், அதாவது முறுக்கு விசை, சுமார் 140 நியூட்டன் மீட்டர். அதோடு ஜோடி சேர்ந்தது எல்டி77 என்ற 5 கியர் பாக்ஸ். இந்த பாக்ஸ் ஜீப்புக்காகப் பிறந்தது இல்லை. 1976-ல் வந்த ரோவர் எஸ்டி1 காரில் இருந்தது இது. தார் ரோட்டில் போகும் காருக்குச் செய்ததைக் காட்டுக்கும் மேட்டுக்கும் அனுப்பினார்கள்.

பெயரில் உள்ள 77 எதைக் குறிக்கிறது? பாக்ஸுக்குள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் படுத்திருக்கும் இரண்டு முக்கிய ஷாஃப்ட்டுகளுக்கு நடுவே உள்ள தூரம் 77 மில்லிமீட்டர். மேலே இருப்பது மெயின் ஷாஃப்ட், கீழே இருப்பது லே ஷாஃப்ட். இந்தத் தூரம் ஏன் முக்கியம்? ஷாஃப்ட்டுகளுக்கு நடுவே இடம் கூடினால் பல்சக்கரங்கள் பெரிதாகும். ஒவ்வொரு பல்லின் மேலும் விழும் அழுத்தம் குறையும். லேண்ட் ரோவரிடம் எல்டி95 என்ற இன்னொரு பாக்ஸும் இருந்தது. அதில் இந்தத் தூரம் 95 மில்லிமீட்டர். அதே டார்க்கை, அதே கியர் விகிதத்தில் இந்த பாக்ஸ் சுமந்தால், பல்லின் மேல் விழும் விசை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

இப்போது எஞ்சின் பக்கம் வருவோம். 1990-ல் டிஃபெண்டர் என்ற பெயரோடு 200டிடிஐ டர்போ டீசல் வந்தது. டார்க் 255 நியூட்டன் மீட்டர். 1994-ல் 300டிடிஐ, 265. 1998-ல் டிடி5, 300. 2007-ல் ஃபோர்டின் 2.4 லிட்டர் எஞ்சின், 360. இருபத்து நாலு வருடத்தில் 140-ல் ஆரம்பித்தது 360-ல் வந்து நின்றது. இரண்டரை மடங்கு!

200டிடிஐ காலம் வரை எல்டி77 தாக்குப்பிடித்தது. 1994-ல் அதே பாக்ஸை மேம்படுத்தி ஆர்380 என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். 380 என்பது அது தாங்கக்கூடிய டார்க்கின் அளவு. தாளில் பார்த்தால் 265-க்கும் 300-க்கும் தாராளமாக இடம் இருக்கிறது. பிறகு ஏன் இதற்கும் 'வீக் பாக்ஸ்' என்ற கெட்ட பெயர்?

380 என்ற எண்ணுக்கு என்ன அர்த்தம்?

எஞ்சின் தரும் டார்க், பாக்ஸுக்குள் நுழையும்போது இருக்கும் அளவிலேயே வெளியே வருவதில்லை. முதல் கியரில் அது சுமார் 3.7 மடங்காகப் பெருகும். 300டிடிஐ தரும் 265, பாக்ஸின் பின்முனையில் கிட்டத்தட்ட 980 ஆகிவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ ரேஞ்ச் போட்டால் இன்னொரு 3.3 மடங்கு. ஆக, சேற்றில் சிக்கிய வண்டியை லோ ரேஞ்ச் முதல் கியரில் இழுக்கும்போது டிரான்ஸ்ஃபர் கேஸை விட்டு வெளியே வருவது 3,200-க்கும் மேல். அந்த நேரத்தில் கிளட்ச்சை டக்கென்று விட்டால் ஒரு நொடிக்கு விழும் அடி இந்தக் கணக்கையும் தாண்டும். தாங்கும் அளவு என்று கம்பெனி சொல்வது சீராக வரும் சுமைக்குத்தான், அடிக்கு இல்லை.

அடுத்து டயர். பெரிய டயர் மாட்டினால் வண்டி பார்க்க மிரட்டலாக இருக்கும். அதைச் சுழற்ற ஒவ்வொரு கியரிலும் கூடுதல் டார்க் வேண்டும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. டிஃபெண்டர் 3,500 கிலோ வரை டிரெய்லர் இழுக்க அனுமதி உள்ள வண்டி. அந்தச் சுமையோடு ஐந்தாவது கியரில், ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது, ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிப்பவர்கள் இருக்கிறார்கள். கூடவே சிப் டியூனிங் வேறு. டிடி5 எஞ்சினில் கம்ப்யூட்டரை மாற்றி எழுதி டார்க்கை ஏற்றினால், கம்பெனி விட்டுவைத்த இடைவெளி அங்கேயே கரைந்துவிடும்.

இது தெரிந்தே வேறு வழியில் போன நாடு ஆஸ்திரேலியா. 1980-களில் அங்கே விற்ற 110 வண்டிகளில் இசுஸுவின் 3.9 லிட்டர் டீசல் எஞ்சின் வந்தது. லாரி எஞ்சின் வகையைச் சேர்ந்தது, முரட்டு ஆள். அதோடு எல்டி77-ஐக் கோர்க்காமல் எல்டி95-ஐக் கோர்த்தார்கள். 1987-லிருந்து ஆஸ்திரேலிய ராணுவத்துக்குப் போன 'பெரென்டி' வண்டிகளிலும் இதே ஜோடிதான். விலையாகக் கொடுத்தது ஒரு கியரை. எல்டி95-ல் நாலு கியர்தான். ஹைவேயில் எஞ்சின் கத்திக்கொண்டே ஓடும். காது போனாலும் பாக்ஸ் போகக் கூடாது என்று முடிவெடுத்திருக்கிறார்கள்!

உடைவது பாக்ஸுக்குள் இல்லை, கடைக்கோடியில்

முதலில் சொன்ன காட்சிக்கு வருவோம். எல்லா கியரும் விழுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. அப்படி என்றால் உள்ளே பல்சக்கரங்கள் நன்றாகவே இருக்கலாம். போனது மெயின் ஷாஃப்ட்டின் பின்முனை.

அந்த முனையில் நீளவாக்கில் வரிவரியாகப் பல் வெட்டியிருக்கும். ஸ்பிளைன் என்பார்கள். அது டிரான்ஸ்ஃபர் கேஸின் இன்புட் கியருக்குள் போய்ச் செருகி நிற்கும். எஞ்சினின் மொத்த பலமும் நாலு சக்கரத்துக்கும் போக வேண்டிய ஒரே கதவு இதுதான். பிரச்னை என்னவென்றால், பழைய அமைப்பில் இந்த இடத்துக்கு எண்ணெய் சரியாகப் போகாது. முன்னால் கியர்பாக்ஸில் எண்ணெய் இருக்கிறது, பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் எண்ணெய் இருக்கிறது, நடுவில் இந்தச் செருகல் மட்டும் காய்ந்து கிடக்கும்.

காய்ந்த இரும்பும் இரும்பும் நுணுக்கமாக அசைந்து உரசினால், செம்பழுப்பு நிறத்தில் துருப்பொடி கொட்டும். பல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். கிளட்ச் விடும்போது 'டொக்'கென்று ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் இன்னொரு 'டொக்'. பழைய லேண்ட் ரோவர் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஓட்டுபவர் விட்டுவிடுவார். ஒருநாள் பல் முழுசாக வழித்துக்கொண்டு போகும். ஷாஃப்ட் உள்ளே சும்மா சுற்றும்.

பின்னாளில் லேண்ட் ரோவரே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. இன்புட் கியரில் குறுக்கே துளை போட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெய் ஸ்பிளைனுக்கு வந்து சேரும்படி செய்தார்கள். கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும், ஆனால் இந்தத் துளைதான் ஸ்பிளைனின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

காசு வீணாகும் இடமும் இதுதான். பாக்ஸை மாற்றுகிறார்கள். உள்ளே புது மெயின் ஷாஃப்ட். ஆனால் டிரான்ஸ்ஃபர் கேஸைத் திறக்காமல், தேய்ந்த பழைய இன்புட் கியரோடு அப்படியே கோர்த்துவிடுகிறார்கள். தேய்ந்த கியர், புது ஷாஃப்ட்டின் ஸ்பிளைனைத் தின்ன ஆரம்பிக்கும். துளை இல்லாத பழைய வகை கியர் என்றால் இன்னும் சீக்கிரம். மெயின் ஷாஃப்ட்டை மாற்ற வேண்டும் என்றால் கியர்பாக்ஸை முழுசாகப் பிரிக்க வேண்டும். ஆக, ஒரு கியரில் மிச்சம் பிடித்தவர் இரண்டாவது முறை முழு பாக்ஸுக்கும் செலவு செய்வார்.

ஒரு எச்சரிக்கையும் இங்கே சொல்ல வேண்டும். மேட்டில் வண்டியை நிறுத்தும்போது கியரில் போட்டுவிட்டு இறங்குவது நம்ம ஊர் பழக்கம். ஸ்பிளைன் போன வண்டியில் அது வேலைக்கு ஆகாது, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லையே! நல்லவேளையாக டிஃபெண்டரின் ஹேண்ட்பிரேக் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் இருக்கிறது, அது பிடிக்கும். ஆனால் மலை இறக்கத்தில் வரும்போது ஸ்பிளைன் வழித்துக்கொண்டால் எஞ்சின் பிரேக்கிங் ஒரே நொடியில் காணாமல் போகும். பிறகு கால் பிரேக் மட்டும்தான் துணை. கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வரும் வண்டியிலும் இதே ஆபத்துதான். கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுபவர்கள் இந்த 'டொக்' சத்தத்தையும் கியர் கழலுவதையும் தள்ளிப்போடக் கூடாது.

சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்

பாக்ஸை இறக்குவதற்கு முன்பே கொஞ்சம் காது கொடுத்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

வண்டி நியூட்ரலில் நிற்கும்போது உறுமல் கேட்டு, கிளட்ச்சை மிதித்ததும் அது நின்றால், இன்புட் ஷாஃப்ட் அல்லது லே ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதித்தால் மட்டும் சத்தம் வந்தால், அது கிளட்ச் ரிலீஸ் பேரிங். பாக்ஸ் மேல் பழி போட வேண்டியதில்லை.

மற்ற எல்லா கியரிலும் சத்தம், நாலாவதில் மட்டும் அமைதி என்றால் லே ஷாஃப்ட் பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். காரணம், இந்த பாக்ஸுகளில் நாலாவது கியர் நேரடி கியர். பலம் லே ஷாஃப்ட் வழியாகச் சுற்றிப் போகாமல் நேராகப் பின்னால் போய்விடும். இரண்டாவது கியர் காலையில் மட்டும் கரகரவென்று விழுந்து, வண்டி சூடானதும் சரியாகிவிட்டால், ஸிங்க்ரோ வளையத்தையும் எண்ணெயையும் பார்க்க வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு பழைய தப்பு இன்னும் தொடர்கிறது. கியர்பாக்ஸ் என்றாலே கெட்டியான 90-ஆம் நம்பர் ஆயில் என்று கை தானாகப் போகும். டிஃபெண்டரின் ஆக்ஸிலுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் அது சரி. எல்டி77-க்கும் ஆர்380-க்கும் சரியில்லை. எல்டி77-ல் ஆட்டோமேட்டிக் பாக்ஸுக்கு ஊற்றும் மெல்லிய ஏடிஎஃப் ஆயில்தான் ஊற்ற வேண்டும். ஆர்380-க்கு எம்டிஎஃப்94 என்ற வகை. இந்த பாக்ஸுகளுக்குள் சின்னதாக ஒரு ஆயில் பம்ப் இருக்கிறது. கெட்டி ஆயிலில் ஸிங்க்ரோவும் சரியாகப் பிடிக்காது. ஆக்ஸிலுக்கான சில ஆயில்களில் கலக்கும் கந்தகக் கலவை பித்தளை வளையங்களுக்கும் ஆகாது.

ரிப்பேரா, வேறு பாக்ஸா?

உள்ளே பேரிங், ஸிங்க்ரோ, ஒரு மெயின் ஷாஃப்ட் என்ற அளவில்தான் சேதம் என்றால், எஞ்சினும் கம்பெனி கொடுத்த அளவிலேயே இருந்தால், அதே பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்து, துளை போட்ட புது இன்புட் கியரோடு கோர்ப்பதே புத்திசாலித்தனம். வண்டியில் வேறு எதுவும் மாற வேண்டாம்.

எல்டி77 இருந்த பழைய வண்டிக்கு ஆர்380-க்கு மாறுவது அடுத்த படி. பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் முடியும். ஆனால் ஆர்380-லும் வண்டிக்கு வண்டி நீளம் மாறும், டிஸ்கவரிக்கு வந்தது டிஃபெண்டரில் அப்படியே உட்காராது. கியர் லீவர் வரும் இடமும் வேறு. சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவந்து, ஷெட்டில் வைத்துப் பார்க்கும்போதுதான் இது தெரியவரும். இன்னொன்று, எல்டி77-ல் ரிவர்ஸ் இடது பக்கம் மேலே. ஆர்380-ல் வலது பக்கம் கீழே, ஐந்தாவதுக்கு எதிரே. மாற்றிய முதல் வாரம் கை பழைய இடத்துக்கே போகும்.

முற்றிலும் வேறு கம்பெனி பாக்ஸ் மாட்டுவதுதான் பெரிய வேலை. முதலில் எஞ்சினையும் பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுஸிங் பொருந்த வேண்டும். இல்லையென்றால் நடுவில் அடாப்டர் தட்டு வேண்டும். அந்தத் தட்டைச் செய்யும் லேத்காரர் மையத்தைக் கொஞ்சம் தவறவிட்டாலும், இன்புட் ஷாஃப்ட் கோணலாக நின்று சுற்றும். புது பாக்ஸின் முன் பேரிங்கை அதுவே கொன்றுவிடும். கிளட்ச் பிளேட்டின் நடு ஸ்பிளைன் புது இன்புட் ஷாஃப்ட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். எஞ்சின் கிராங்க் முனையில் உள்ள பைலட் பேரிங்கும் அப்படியே.

பிறகு நீளம். புது பாக்ஸ் நீளமாக இருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னால் தள்ளிப்போகும். முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை நீட்ட வேண்டும், பின் ஷாஃப்ட்டை வெட்டிக் குறைக்க வேண்டும். பின் ஷாஃப்ட் குட்டையானால் அதன் கோணம் செங்குத்தாகும், ஜாயின்ட் அதிரும். பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், மவுண்ட், தரையில் லீவர் வரும் ஓட்டை என்று ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வரும். பாக்ஸின் விலை என்று சொல்வது பாதிக் கணக்குதான், இந்த வேலைகள் மீதிப் பாதி.

கியர் விகிதத்தையும் மறக்கக் கூடாது. டிஃபெண்டரின் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஹை ரேஞ்ச் விகிதம் 1.41, டிஸ்கவரியில் 1.22. பாக்ஸ் மாறும்போது முதல் கியர் உயர்ந்துபோனால், மேட்டில் சுமையோடு கிளம்பும்போது கிளட்ச் எரியும்.

சரி, கம்பெனியே வேறு பாக்ஸுக்கு மாறியபோது என்ன ஆனது? 2007-ல் டிஃபெண்டருக்கு எம்டி82 என்ற 6 கியர் பாக்ஸ் வந்தது. ஃபோர்டு டிரான்ஸிட் வேனிலும் இருப்பது இது. அதை அதே பழைய வகை டிரான்ஸ்ஃபர் கேஸோடு இணைக்க நடுவில் ஒரு அடாப்டர் ஷாஃப்ட் வைத்தார்கள். அந்த ஷாஃப்ட்டின் ஸ்பிளைனும் காய்ந்து தேய ஆரம்பித்தது! பாக்ஸ் புதுசு, கியர் ஒன்று கூட, வியாதி பழசு. இன்று அந்த இடத்துக்கு எண்ணெய் போகும்படி செய்த மாற்று ஷாஃப்ட்டுகள் தனியாக விற்கின்றன. பழைய டிஃபெண்டரின் உற்பத்தி 2016 ஜனவரியில் முடியும் வரை இந்த அமைப்பு ஓடியது.

நம்ம ஊர் ஜீப்புக்கும் இது பொருந்துமா?

கணக்கு ஒன்றுதான். பழைய மஹிந்திரா எம்எம்540-ல் இருந்தது 2.1 லிட்டர் பெஜோ டீசல் எஞ்சின், டர்போ கிடையாது. 2010-ல் வந்த தார் சிஆர்டிஇ-யின் டார்க் 247 நியூட்டன் மீட்டர். 2020 தார் டீசலில் 300. பழைய ஜீப்பில் புது டர்போ எஞ்சினை ஏற்றி, பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் ஆக்ஸிலையும் பழசாகவே விட்டால் முதலில் எது முறியும் என்பதுதான் கேள்வி. பாக்ஸை வலுவாக்கினால் சுமை அடுத்ததாகப் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட்டுக்கும் ஆக்ஸிலுக்கும் போகும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும் அளவுக்கு உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. அதே மாடல் பாக்ஸைப் போடுவது ரிப்பேர். எஞ்சினை மாற்றினால் எஞ்சின் நம்பர் மாறும், ஆர்.டி.ஓ. அனுமதி கட்டாயம். வேறு கம்பெனி பாக்ஸ், வெட்டிய சட்டம் என்று போகிறவர்கள் வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுவிடுவது நல்லது.

பழைய டிஃபெண்டர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், பவர் டேக் ஆஃப் பொருத்துவதற்காக விட்ட இடத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றினால் இன்புட் கியரும் மெயின் ஷாஃப்ட்டின் முனையும் கண்ணுக்குத் தெரியும். பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. ஸ்பிளைன் கூர்மையாக, எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தால் நிம்மதி. செம்பழுப்புப் பொடி அப்பியிருந்தால், விற்பவர் சொன்ன விலையில் ஒரு கியர்பாக்ஸின் விலையைக் கழித்துவிட்டுப் பேச்சை ஆரம்பிக்கலாம்.